ஹாக்கி ஸ்டார் ஹெட் கோச் ஆனால்: போவதற்கு முன் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியவை

ஹாக்கி ஆடி ஓய்ந்தவர்களைப் பார்த்தால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எப்ப கோச் ஆகப் போறீங்க?" ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குச் சேர்ந்து, டீமுக்கு ஆடி, முழங்கால் போய் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த மறுநாளே இந்தக் கேள்வி தொடங்கிவிடும். என்னிடமும் கேட்டார்கள். நான் ஃபார்வர்ட், அதாவது முன்னால் நின்று கோல் போடுகிறவன்; இடம் லெஃப்ட் இன், இடது பக்கத்து உள் ஃபார்வர்ட். தமிழ்நாட்டுக்காக நேஷனல்ஸ் ஆடியிருக்கிறேன், இந்தியா கேம்ப் வரை போய் வந்திருக்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் ஸ்டிக் பிடித்த பையன்களுக்கு என் பெயர் தெரியும். அந்தப் பெயரைக் கேள்விப்பட்டு, வேறொரு மாவட்டத்தில் புதிதாக ஹாக்கி டீம் தொடங்கிய ஒரு தனியார் கல்வி நிறுவனம் ஹெட் கோச்சாக வரச் சொன்னது. ஆபீஸில் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். இரண்டு சீசன் இருந்தேன். அந்தக் காலத்துச் சம்பளம் போனது, அவர்கள் தருவதாகச் சொன்ன தொகை முழுதாக வரவில்லை, என் கையிலிருந்து போட்டது தனி. எல்லாம் சேர்த்தால் ஆறேழு லட்சம் இருக்கும். பணத்தை விட, யாரிடமும் சொல்ல முடியாமல் தூக்கமில்லாமல் கிடந்த ராத்திரிகள்தான் அதிகம் வலித்தன. இதையெல்லாம் முன்னாலேயே அனுபவப்பட்ட யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அடுத்து போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் மாதம் மிக நன்றாகப் போனது. அதுதான் ஆபத்து என்று அப்போது தெரியாது. பையன்கள் எல்லோரும் 17, 18 வயது. தூத்துக்குடி, அரியலூர், திண்டுக்கல், ராமநாதபுரம் என்று பல ஊர்களிலிருந்து ஹாஸ்டலுக்கு வந்தவர்கள். பலருடைய அப்பாமார்கள் என் ஆட்டத்தைப் பார்த்தவர்கள். காலையில் மைதானத்துக்குப் போனால் அத்தனை பேரும் வரிசையாக நின்று "வணக்கம்ணே" என்பார்கள். நான் பந்தை எடுத்து இரண்டு பேரை ஏமாற்றித் தாண்டி, டாட்ஜ் செய்து காட்டினால் கைதட்டுவார்கள். சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். ஒரு பையன்கூட எதிர்க் கேள்வி கேட்க மாட்டான். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன், மரியாதைதான். ஆனால் அந்த மரியாதைக்கு அடியில் அவர்களுக்குப் புரியாதது எல்லாம் அப்படியே கிடந்தது.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, லெஃப்ட் ஹாஃப் (நடு வரிசையில் இடது பக்கம்) ஆடும் ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்தான். "அண்ணே, நீங்க செஞ்சா வருது. எங்களுக்கு எப்படி வரும்னு சொல்லுங்கண்ணே" என்றான். சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் எனக்கு வார்த்தை வரவில்லை. இருபது வருஷம் செய்த ஒரு காரியத்தை எப்படிச் செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. அங்கே இருந்த உடற்கல்வி ஆசிரியர் நல்ல மனிதர். அவர் தன் போனில் நான் செய்வதை ஸ்லோ மோஷனில் எடுத்துக் காட்டினார். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. நான் பந்தை என் இடது பக்கம் காட்டுகிறேன். எதிரே தடுக்க நிற்கும் பேக்கின் எடை அவருடைய வலது காலுக்குப் போகிறது. அந்த நொடியில் பந்தை என் வலது பக்கம் இழுக்கிறேன். அவருக்கு அது ரிவர்ஸ் பக்கம், அதாவது ஸ்டிக்கைத் திருப்பிப் பிடிக்க வேண்டிய இடது பக்கம்; ஸ்டிக் சீக்கிரம் வந்து சேராது. என் கண் பந்தில் இல்லை, அவருடைய காலில் இருக்கிறது. இதைப் பிரித்துச் சொன்னதும் அந்த லெஃப்ட் ஹாஃப் பையன் ஒரு வாரத்தில் செய்துவிட்டான். பந்தைப் பார்க்காதே, காலைப் பார் என்ற ஒரே வாக்கியம்தான் அவனுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

ஆகவே, ஸ்டாராக இருந்து கோச் ஆகப் போகிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை, தன் ஆட்டத்தையே வீடியோவில் எடுத்துப் பார்த்து வார்த்தையாக மாற்றுவது. பந்தை நிறுத்துவது, புஷ், ஹிட், ரிவர்ஸ் ஹிட், ஸ்கூப் என்று ஒவ்வொன்றையும் கால், இடுப்பு, கை, கண் என்று பிரித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வேலையில் சேர்வதற்கு முன்பே எழுதுங்கள். மைதானத்தில் செய்து காட்டுவதைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு பயிற்சி முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் "புரிஞ்சுதுண்ணே" என்றுதான் சொல்வார்கள். ஒரு பையனைக் கூப்பிட்டு, இப்போது செய்ததை இன்னொருவனுக்குச் சொல்லிக் கொடு என்று சொல்லுங்கள். அவன் எங்கே திக்குகிறானோ அங்கேதான் உங்கள் விளக்கம் போதவில்லை.

அடுத்த விஷயம் ஆள் கணக்கு. நான் பெரும்பாலும் ஆடிய காலத்தில் மேட்ச் என்றால் 35 நிமிடத்தில் இரண்டு பாதி. எவ்வளவு வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்ற விதி அப்போதும் இருந்தது. ஆனால் எங்கள் உள்ளூர் டீம்களில் நல்ல ஃபார்வர்ட் என்றால் 70 நிமிடமும் உள்ளேதான் இருப்பான்; வெளியே கூப்பிட்டால் அவமானம் என்று நினைப்போம். இப்போது 15 நிமிடத்தில் நாலு குவார்ட்டர். ஃபார்வர்டுகள் சில நிமிடங்கள் முழு வேகத்தில் ஓடிவிட்டு வெளியே வருவார்கள், வேறு கால்கள் உள்ளே போகும். டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் தரையில், பந்து போகிற வேகத்துக்கு வேறு வழி இல்லை. இது தெரிந்துதான் 18 பேர் வேண்டும் என்று கேட்டேன். ஹாஸ்டலில் 14 பேருக்குத்தான் இடம் என்றார்கள். அதிலும் கோல் கீப்பர் ஒரே ஒருவன். "நீங்க இருக்கீங்கல்ல சார், சமாளிச்சிரலாம்" என்றார் நிர்வாகத்தில் ஒருவர். பெரிய பெயர் உள்ளவரைக் கோச்சாகக் கொண்டு வருகிறவர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்று பிறகு மற்ற கோச்சுகளோடு பேசும்போது தெரிந்தது. பெயருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது, மற்ற செலவு எதற்கு என்ற கணக்கு.

முதல் பெரிய டோர்னமென்டில் அந்தக் கணக்கின் விளைவு தெரிந்தது. மூன்று குவார்ட்டர் வரை எங்கள் பையன்கள் எதிர் டீமை அவர்கள் 'டி'க்குள்ளேயே (கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டம்) அடைத்து வைத்திருந்தார்கள். கடைசி குவார்ட்டரில் கால் நின்றுவிட்டது. எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழு பேரும் புது மூச்சோடு மாறி மாறி வந்தார்கள், என் பெஞ்சில் மூன்று பேர், அதில் ஒருவனுக்குத் தொடை பிடித்திருந்தது. அடுத்த மேட்சில் கோல் கீப்பர் விழுந்து தோள்பட்டையில் அடி. மாற்று ஆள் இல்லாமல் ஒரு ஹாஃப் பையனுக்கு பேட் கட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. அவன் பயந்துகொண்டே நின்றான், நான் அவனைப் பார்க்க முடியாமல் நின்றேன். லீக் சுற்றோடு திரும்பினோம். பஸ்ஸில் யாரும் பேசவில்லை. ஆடிய காலத்தில் தோற்றால் ஒரு ஆறுதல் உண்டு, அடுத்த மேட்சில் நானே ஒரு கோல் போட்டுச் சரிக்கட்டலாம். கோச்சாகத் தோற்கும்போது அது கிடையாது. கோட்டுக்கு வெளியே நின்று கத்தலாம், அவ்வளவுதான். என் கை தானாக ஸ்டிக்கைத் தேடியது.

அந்த ராத்திரி வாசுதேவன் பாஸ்கரனை நினைத்துக்கொண்டேன். ஹாக்கிக்காரர்கள் யாருக்கும் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய டீமின் கேப்டன், ஃபைனலில் ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்தது அந்த டீம். அவரே 2000இல் சிட்னி ஒலிம்பிக்குக்கு இந்தியக் கோச்சாகப் போனார். போலந்தோடு 1-0 என்று முன்னிலை, ஜெயித்தால் அரையிறுதி. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் போலந்து ஒரு கோல் போட்டு 1-1 ஆக்கியது. இந்தியா ஏழாவது இடத்தில் முடித்தது. 2006 உலகக் கோப்பையிலும் அவர்தான் கோச், 11ஆவது இடம். இதைக் காட்டி "ஸ்டார் ஆட்டக்காரர் நல்ல கோச் ஆக மாட்டார்" என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் ஏற்பில்லை. போலந்து போட்ட கோலை வெளியே நிற்கிற எந்தக் கோச்சும் உள்ளே போய்த் தடுக்க முடியாது. அதே மாஸ்கோ டீமில் ஆடிய எம்.கே. கௌஷிக்தான் 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வாங்கியபோது கோச். 32 வருஷத்துக்குப் பிறகு வந்த தங்கம் அது. ஒரே டீமிலிருந்து வந்த இரண்டு பேருக்கு இரண்டு விதமான கதை. கழுத்தில் தங்க மெடல் இருப்பதை வைத்து முன்கூட்டியே எதையும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து பெனால்டி கார்னர், தடுக்கும் டீம் தன் 'டி'க்குள் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு. நான் ஃபார்வர்ட் என்பதால் அடிக்கும் பக்கம் முழுக்கத் தெரியும்: பந்தைத் தள்ளி விடுகிறவன், நிறுத்துகிறவன், டிராக் ஃபிளிக் (பந்தை ஸ்டிக்கால் இழுத்துச் சுண்டி எறிவது) போடுகிறவன், ஏமாற்று ஓட்டம் ஓடுகிறவன் எல்லாம் கைப்பாடம். தடுக்கும் பக்கம்? கோல் லைனுக்குப் பின்னால் கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர் நிற்பார்கள். அடிக்கிறவனை நோக்கிப் பாயும் முதல் ரஷர் எந்தக் கோட்டில் ஓட வேண்டும், போஸ்டில் நிற்பவன் எப்போது உள்ளே வர வேண்டும், கீப்பர் எவ்வளவு முன்னால் வர வேண்டும் என்பதெல்லாம் எதிரணிக் கண்ணோடு பார்த்த எனக்குக் கால்வாசிதான் தெரியும். நான் ஸ்டார் என்பது இங்கே எதற்கும் உதவவில்லை. ஊரிலிருந்து என்னோடு ஆடிய பழைய கீப்பர் ஒருவரை வரவழைத்தேன். வாரக் கடைசிகளில் வந்து தங்கிச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கான போக்குவரத்தும் சாப்பாடும் என் கையிலிருந்து போனது. ரஷ் ஓடும் பையன்களுக்கு முகக் கவசம், கிளவுஸ், முட்டிக் காப்பு வாங்கியதும் நான்தான். நிர்வாகம் அதை அடுத்த வருஷ பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றது. டிராக் ஃபிளிக் பந்து முகத்துக்கு நேரே வரும்போது அடுத்த வருஷம் வரை காத்திருக்க முடியுமா? இரண்டாவது கீப்பருக்கு ஒரு செட் பேடும் ஹெல்மெட்டும் வாங்கியதில் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல் ஆனது. ரசீதெல்லாம் கொடுத்தேன். ஒன்றும் திரும்பி வரவில்லை.

இதிலிருந்து நான் சொல்வது: நீங்கள் எந்த இடத்தில் ஆடினீர்களோ அந்த இடத்துக்கு நேர் எதிரான இடத்தில் ஆடிய ஒருவரை உதவிக் கோச்சாகக் கேளுங்கள். ஃபார்வர்ட் என்றால் பேக்கையோ கீப்பரையோ, பேக் என்றால் ஃபார்வர்டை. அவர் உங்களை விடச் சின்ன ஆட்டக்காரராக இருந்தாலும் பரவாயில்லை, உங்கள் முகத்துக்கு நேரே "இது சரிப்படாது" என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். என் பழைய கீப்பர் அதைத்தான் செய்தார். நான் ஃபார்வர்டுகளுக்கே பாதி நேரம் கொடுப்பதை முதல் நாளே பார்த்துச் சொன்னார், அன்றைக்கே அட்டவணையை மாற்றினோம். பையன்கள் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். பெயர் பெரிதாக இருக்க இருக்க, உண்மை சொல்ல ஆள் குறைந்துகொண்டே போகும்.

பி.ஆர். ஸ்ரீஜேஷ் விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். 336 சர்வதேச மேட்ச் ஆடிய கீப்பர், டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம் வாங்கியவர். 2024இல் பாரிஸோடு ஓய்வு பெற்றதும் அவரை நேராக சீனியர் டீமுக்குக் கொண்டுபோகவில்லை, ஜூனியர் டீமைக் கொடுத்தார்கள். அந்த டீம் அதே வருஷம் மஸ்கட்டில் ஜூனியர் ஆசியக் கோப்பையை ஜெயித்தது. பிறகு 2025 கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்றது. அப்படித் தோற்ற டீமை அடுத்த மேட்சுக்கு எழுப்பி நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வெண்கல மேட்சில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, கடைசி குவார்ட்டரில் நாலு கோல் போட்டு 4-2 என்று ஜெயித்தார்கள். எல்லோரும் கோல் போட்ட பையன்களைப் பாராட்டினார்கள், பாராட்ட வேண்டியதுதான். நான் நினைத்தது, அரையிறுதிக்கும் அந்த மேட்சுக்கும் நடுவில் அந்த அறையில் என்ன பேசியிருப்பார்கள் என்பதை. கீப்பர்கள் 60 நிமிடமும் பின்னாலிருந்து முழு மைதானத்தையும் பார்த்து, ஓயாமல் பேசி, ஆட்களை நகர்த்திக்கொண்டே இருப்பவர்கள். கோச் செய்யும் வேலையில் பாதியை அவர்கள் ஆடும்போதே செய்து பழகிவிடுகிறார்கள். என்னைப் போன்ற ஃபார்வர்டுகளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பந்து எங்கே வரும், கோல் எங்கே இருக்கிறது என்ற இரண்டுதான் எங்கள் உலகம். ஃபார்வர்ட் கோச் ஆகக் கூடாது என்று சொல்ல வரவில்லை, கூடுதலாகக் கற்க வேண்டியிருக்கும் என்கிறேன்.

இரண்டாவது சீசன் தொடங்கியபோது டீம் தேறியிருந்தது. சண்டை போட்டு மேலும் இரண்டு பேரைச் சேர்த்தேன். இந்த நேரத்தில்தான் செலக்‌ஷனில் தலையீடு வந்தது. நிர்வாகத்துக்கு வேண்டிய ஒருவரின் பையனைப் பதினொன்றில் சேர்க்கச் சொன்னார்கள். பையன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, பாவம், அவனுக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் அவனை விட நன்றாக ஆடும், காலை நாலரைக்கே எழுந்து மைதானத்தில் நிற்கும் ஒரு கட்டடத் தொழிலாளியின் மகனை வெளியே உட்கார வைத்துவிட்டு இவனை உள்ளே அனுப்ப என்னால் முடியாது. முடியாது என்றே சொன்னேன். முகத்தில் அறைந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. டர்ஃபுக்குப் போகும் பஸ் வாரத்துக்கு ஒரு தடவை என்று குறைந்தது. என் மாதத் தொகை தள்ளித் தள்ளி வந்தது, பிறகு பாதியாக வந்தது. கேட்டால் அக்கவுண்டன்ட் லீவு என்பார்கள். எழுத்தில் எதுவும் கிடையாது. என்னை வரவேற்றபோது போட்ட பொன்னாடையும் மாலையும் போட்டோவும் இருக்கிறது, ஒப்பந்தம் இல்லை. பெரிய மனிதர்கள், நம் மேல் இவ்வளவு மரியாதை வைத்திருக்கிறார்கள், அவர்களிடம் போய் பேப்பர் கேட்பதா என்று நம் ஆட்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. தயவுசெய்து அந்தத் தயக்கத்தை விடுங்கள்.

கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். டீமைத் தேர்ந்தெடுக்கும் கடைசிச் சொல் யாருடையது என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். எத்தனை ஆட்டக்காரர்கள், அதில் எத்தனை கோல் கீப்பர்கள் என்று எண்ணாகவே எழுத வேண்டும். டர்ஃப் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதும் வேண்டும், ஏனென்றால் மண்ணில் பழகி டர்ஃபில் மேட்ச் ஆடினால் பந்தை நிறுத்தவே ஒரு குவார்ட்டர் ஆகிவிடும். பாதுகாப்புச் சாமான்களுக்கு யார் பொறுப்பு, பையன் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, உங்கள் பணம் எந்தத் தேதியில் வரும், நீங்களோ அவர்களோ விலகினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, இதெல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். இன்னொன்று, அரசு அல்லது பொதுத்துறை வேலையில் இருப்பவர்கள் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுப்பதற்கு முன் இன்கிரிமென்ட், சீனியாரிட்டி, ஓய்வூதியச் சேவைக் கணக்கு என்ன ஆகும் என்பதைப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஹாக்கிக்காகத்தானே போகிறோம் என்று எந்த விதியும் நமக்காக வளையாது.

பணம் போனதை விட எனக்குக் கஷ்டமாக இருந்தது ஒரு பையனிடம் "நீ டீமில் இல்லை" என்று சொன்ன நாள். ஆடிய காலம் முழுக்க எனக்கு அந்த அனுபவம் ஒரு தடவைதான் வந்தது, இந்தியா கேம்பிலிருந்து திரும்பியபோது. அன்றைக்கு எனக்கு யாரும் காரணம் சொல்லவில்லை, நோட்டீஸ் போர்டில் பெயர் இல்லை, அவ்வளவுதான். அதனால் என் பையன்களுக்கு அப்படி நடக்கக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். பட்டியல் ஒட்டுவதற்கு முந்தின நாள் சாயந்திரம் அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். பந்தை வாங்குவதற்கு முன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வரவில்லை, அதனால் அடுத்தவன் வந்து பறித்துவிடுகிறான், இரண்டு மாதம் இதை மட்டும் செய்வோம் என்றேன். அவன் அழவில்லை. "சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். இரண்டு நாள் கழித்து அவன் அம்மா போன் செய்து, "சார், பையன் ரெண்டு நாளா சரியா சாப்பிடலையாம், நீங்க ஒரு வார்த்தை பேசுங்க" என்றார். அன்று ராத்திரி ஹாஸ்டலுக்குப் போய் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். ஹெட் கோச் வேலையில் பாதி இதுதான். யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. ஆடும்போது சக ஆட்டக்காரர்கள் பத்து பேர் கூட இருப்பார்கள். கோச் ஆனதும் பையன்களோடு தோழமையாகவும் இருக்க முடியாது, நிர்வாகத்தோடும் ஒட்ட முடியாது. அந்தத் தனிமையைத் தாங்க உங்களுக்கு வெளியே ஒருவர் வேண்டும். எனக்கு அந்தப் பழைய கீப்பர்தான். வாரம் ஒரு முறை போனில் பேசினால் நெஞ்சு லேசாகும். வீட்டில் மனைவியிடம் பணப் பிரச்சினையை மறைக்காமல் சொன்னதும் நல்லதாகப் போயிற்று. நகையை வைத்து ஹாஸ்டல் பால் பாக்கியை அடைக்கப் போகிறேன் என்று கிளம்பியபோது அவள்தான் தடுத்தாள்.

படிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் கோச்சுகளுக்கான டிப்ளமோ உண்டு, அதற்கு நேரமில்லாதவர்களுக்கு ஆறு வார சான்றிதழ்ப் படிப்பு உண்டு. ஹாக்கி இந்தியாவும் படிப்படியாகக் கோச்சுகளுக்கான படிப்பு நடத்துகிறது, அதற்கு மேலே சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் படிப்புகள் இருக்கின்றன. நான் முதல் சீசனுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் இப்படி ஒரு படிப்பில் உட்கார்ந்தேன். என்னை விடப் பாதி வயதுப் பையன்களும் பெண்களும் இருந்தார்கள். மாநில டீமுக்குக்கூட ஆடாத ஒரு பெண், ஒரு வாரப் பயிற்சியை மேட்ச் நாளிலிருந்து பின்னோக்கி எப்படித் திட்டமிடுவது என்று போர்டில் போட்டுக் காட்டினார். எந்த நாள் கடுமையாக ஓட்ட வேண்டும், எந்த நாள் காலுக்கு ஓய்வு, எந்த நாள் பெனால்டி கார்னர் மட்டும் என்று அவ்வளவு தெளிவு. என் கோச்சுகள் எங்களைத் தினமும் ஒரே மாதிரி ஓட விட்டதும், எங்கள் முழங்கால்கள் முப்பதிலேயே போனதும் ஞாபகம் வந்தது. ஸ்டாராக இருந்தவர்களுக்கு அந்த பெஞ்சில் உட்காருவது முதல் நாள் கூச்சமாக இருக்கும். இரண்டாம் நாளே போய்விடும்.

பெரிய அளவில் ஜெயித்தவர்களைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் ரிக் சார்ல்ஸ்வர்த் 1986இல் உலகக் கோப்பை ஜெயித்த டீமின் பெரிய ஸ்டார். அதோடு டாக்டர், பத்து வருஷம் பாராளுமன்ற உறுப்பினர். பெண்கள் டீமுக்குக் கோச்சாகி 1996, 2000 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம், பிறகு ஆண்கள் டீமோடு 2010, 2014 உலகக் கோப்பைகள். ஆட்டத்துக்கு வெளியே மனிதர்களோடு பழகி, வாதாடி, முடிவெடுத்த வாழ்க்கை அவருக்கு இருந்தது. இந்திய டீமுக்குக் கோச்சாக வந்த கிரெய்க் ஃபுல்டன் தென் ஆப்பிரிக்காவுக்காக ஒலிம்பிக் ஆடியவர். அயர்லாந்து டீமை 2016 ரியோ ஒலிம்பிக்குக்குக் கொண்டுபோனார், பிறகு பெல்ஜியத்தில் ஷேன் மெக்லியோடுக்கு உதவிக் கோச்சாக இருந்தார், டோக்கியோவில் பெல்ஜியம் தங்கம் வாங்கியது. அதற்குப் பிறகுதான் 2023இல் இந்தியா வந்தார். அடுத்த வருஷம் பாரிஸில் வெண்கலம். ஹெட் கோச்சாக இருந்தவர் இறங்கி உதவிக் கோச்சாக இருக்கச் சம்மதித்ததை கவனியுங்கள். நம் ஊரில் ஒரு ஸ்டாரை உதவிக் கோச்சாகக் கூப்பிட்டால் கூப்பிடுகிறவருக்கும் தயக்கம், போகிறவருக்கும் மனத்தாங்கல். அங்கேதான் நம் ஆட்கள் பலருக்கும் கற்றுக்கொள்ளும் வருஷங்கள் கிடைக்காமல் போகின்றன. ஸ்டார் ஹெட் கோச்சாக ஜெயிக்க முடியுமா என்று கேட்டால், முடியும்; இன்னொருவருக்குக் கீழே இரண்டு மூன்று வருஷம் வேலை பார்க்கச் சம்மதிப்பவரால் நிச்சயம் முடியும்.

இரண்டாவது சீசனில் எங்கள் டீம் ஒரு டோர்னமென்டில் அரையிறுதி வரை வந்தது. நிறுவனம் அந்த வருஷக் கடைசியில் ஹாக்கி டீமையே கலைத்துவிட்டது. பையன்களின் இலவச இடம் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அடுத்த சில மாதங்கள் அவர்களுக்கு வேறு கல்லூரிகளில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் வாங்கித் தர அலைந்தேன். பெரும்பாலோருக்குக் கிடைத்தது, இரண்டு பேர் ஹாக்கியை விட்டே போய்விட்டார்கள். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. நீங்கள் ஒரு டீமை எடுக்கும்போது, டீம் நின்றுபோனாலும் பையன்களின் படிப்பு முடியும் வரை இடமும் ஹாஸ்டலும் தொடரும் என்று நிறுவனத்திடம் எழுதி வாங்குங்கள். உங்கள் சம்பளத்துக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

இப்போது ஆபீஸுக்குத் திரும்பிவிட்டேன். காலையில் கோவில்பட்டியில் 14 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு, என்னை விட இளைய ஒரு கோச்சுக்கு உதவியாக நிற்கிறேன். போன மாதம் வேறொரு கல்லூரியிலிருந்து ஹெட் கோச்சாக வரச் சொல்லிக் கேட்டார்கள். மேலே சொன்னதையெல்லாம் ஒரு பக்கமாக டைப் செய்து அனுப்பியிருக்கிறேன். 18 பேருக்குச் சம்மதித்துவிட்டார்கள், செலக்‌ஷன் வரிக்கும் சம்மதம். இரண்டாவது கோல் கீப்பருக்கும் படிப்பு முடியும் வரையிலான ஹாஸ்டல் இடத்துக்கும் இன்னும் பதில் வரவில்லை. அந்த இரண்டும் எழுத்தில் வந்தால் ஜூனில் போய்ச் சேருவேன்.